தட்சிண கங்கோத்ரியைச் சூழ்ந்த வெள்ளைக் கடல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கல்வராயன் மலை ஆரம்பமாகி விடுகிறது. மலைமேல் வெள்ளிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் கைலாசத்தையும் பனி மூடிய சிகரங்களையும் நினைத்துக் கொள்வோர் அங்கே போய்ப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். சாமையும் மரவள்ளியும் விளையும் சாதாரண மலையூர் அது. மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் முத்துப்போல் நிற்கிறதே, அந்தப் பனித்துளிதான் அவ்வூரார் அறிந்த பனி. தமிழில் நாம் துளியாய் இறங்குவதையும் பனி என்கிறோம். கல்லாய் உறைவதையும் பனி என்கிறோம். உறையும் பனியை நாம் பார்த்ததில்லை ஆகையால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டிய அவசியமே நமக்கு நேரவில்லை போலும்!

இந்த மலையிலிருந்து இறங்கி வரும் நதிக்குக் கோமுகி என்று பெயர். வடக்கே ஹிமாலயத்தில் கங்கோத்ரிப் பனியாறு உருகிப் பாகீரதி பிறக்குமிடத்துக்கும் கோமுகம் என்றே பெயர் வழங்குகிறது. இவ்விரண்டு பெயர்களோடு மூன்றாவதாக இன்னொரு பெயரையும் நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். குமரி முனைக்கும் தெற்கே, பூமத்திய ரேகையைத் தாண்டி, காற்றும் அலையும் ஓயாத சமுத்திரத்தையும் கடந்து சென்றால் அண்டார்க்டிகா என்னும் பனிக் கண்டம் வருகிறது. 1983-84ம் வருஷத்துக் கோடையில் நம் பாரத தேசத்தார் அங்கே ஒரு நிலையம் அமைத்தார்கள். அதற்குத் தட்சிண கங்கோத்ரி என்று நாமகரணம் செய்தார்கள். தெற்கில் உள்ள கங்கோத்ரி என்று பொருள்.

அந்தக் கண்டத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருவதுண்டு. ஆனால் அக்கண்டத்தைச் சுற்றியுள்ள கடல், வருஷந்தோறும் உறைந்து விரிவதும் உருகிச் சுருங்குவதுமாக நடத்தும் அற்புதத்தைப் பற்றி அதிகமாகப் பேசுவாரில்லை. பூமியின் மேற்பரப்பில் வருஷத்துக்கு ஒருமுறை நிகழும் மாறுதல்களில் இதைவிடப் பிரம்மாண்டமானவை மிகச் சில. சென்ற பத்து வருஷங்களில் அந்த ஒழுங்கு குலைந்திருக்கிறது. ஆதலால்தான் இப்பொழுது அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

* * *

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவு செய்து விடலாம். அண்டார்க்டிகாவில் பனிக்கட்டி மூன்று விதமாக இருக்கிறது. கண்டத்தின் நிலத்தின்மேல் பல்லாயிர வருஷங்களாகப் பெய்த பனி இறுகி, கிலோமீட்டர் கணக்கான கனத்தில் கிடக்கிறது. அது கண்டப் பனி. அது மெல்ல நகர்ந்து கடலோரம் வந்து, நிலத்தை விட்டுப் பிரியாமல் கடலின்மேல் மிதந்து நீண்டிருப்பது பனி மேடை. நமது தட்சிண கங்கோத்ரி நிலையம் அப்படிப்பட்ட ஒரு மேடையின்மேல்தான் கட்டப்பட்டது. மூன்றாவது, கடல் நீரே உறைந்து உண்டாகும் கடற்பனி. முன்னவை இரண்டும் வானத்திலிருந்து வந்த நன்னீர்; இது சமுத்திரத்தின் உப்பு நீர். முன்னவை நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ளவை. கடற்பனியோ பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஒரு மனிதனின் இடுப்பளவு என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் அதன் பரப்பைக் கேட்டால் மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள்.

நமக்குக் கோடையாக இருக்கும்போது தென் கோளத்தில் குளிர்காலம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். மாசி மாதத்தில், அதாவது பிப்ரவரி பிற்பகுதியில், அண்டார்க்டிகாவின் கடற்பனி மிகக் குறுகியிருக்கும். அப்போது அதன் பரப்பு வழக்கமாக 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் இந்திய தேசத்தின் பரப்பு 32 லட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீட்டர் ஆகையால், ஏறக்குறைய ஓர் இந்தியா என்று சொல்லலாம். பங்குனியிலிருந்து அது வளரத் தொடங்குகிறது. ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் அதன் பரப்பு சுமார் 1 கோடியே 85 லட்சம் சதுர கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. இந்தியாவைப் போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்! அண்டார்க்டிகாக் கண்டத்தின் பரப்பே 1 கோடியே 40 லட்சம்தான். கண்டத்தைக் காட்டிலும் பெரிய ஒரு வெள்ளை வஸ்திரத்தை அது வருஷந்தோறும் தன்னைச் சுற்றி நெய்து போர்த்துக் கொள்கிறது. பிறகு களைந்து விடுகிறது.

சாதாரணக் குடும்பக் கணக்காகச் சொன்னால் இன்னும் விளங்கும். வளரும் காலம் சுமார் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தையும் சராசரியாக்கிப் பார்த்தால் இரண்டு நாளைக்கு ஒரு தமிழ்நாடு வீதம் கடல் உறைகிறது. எங்கள் கள்ளக்குறிச்சி ஜில்லாவை அளவுகோலாக வைத்தால் நாளொன்றுக்கு இருபது ஜில்லா! உருகுவது அதைவிட வேகம். ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்து விடுகிறது. வளர ஏழு மாதமும் அழிய ஐந்து மாதமும் ஏன் என்ற கேள்வி வெகுகாலம் விஞ்ஞானிகளைத் தொந்தரவு செய்து வந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் பலர் காரணம் காட்டினர். 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தென் துருவப் பிரதேசத்தில் வேனிற்காலச் சூரியனின் வெப்பம் மிகக் குறுகிய காலத்தில் உச்சத்துக்கு ஏறி இறங்குவதே போதிய காரணம் என்று எளிய கணக்கினாலேயே காட்டியது. சிக்கலான கேள்விகளுக்கு எளிய விடை கிடைப்பது அபூர்வம்; கிடைக்கும்போது அது தரும் மகிழ்ச்சியே தனி.

வட துருவத்தில் இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அங்கே கடல் நடுவில் இருக்கிறது, சுற்றிலும் நிலம். பனி வெளியே பரவ இடமில்லை. தெற்கிலோ நிலம் நடுவில். சுற்றிலும் தடையற்ற சமுத்திரம். வடக்கே எவ்வளவு தூரம் குளிர் எட்டுகிறதோ அவ்வளவு தூரம் பனி போகும். போன வேகத்திலேயே வெயிலுக்கு இரையாகும்.

* * *

கடல் எப்படி உறைகிறது? நன்னீர் பூஜ்ய டிகிரியில் உறையும். கடல் நீரில் உப்பு இருப்பதால் அது உறைவதற்கு பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி வரை குளிர வேண்டும். முதலில் நீரின் மேற்பரப்பில் ஊசி ஊசியாகப் பளிங்குகள் தோன்றுகின்றன. மார்கழிக் காலையில் நெய்க் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால், பாதி உறைந்தும் பாதி உறையாமலும் மங்கலாக இருக்குமல்லவா? கடலும் அப்படியே மினுமினுப்பு இழந்து குழம்புபோல் ஆகிறது. பிறகு அலைகள் அந்தக் குழம்பை உருட்டி வட்ட வட்டமான தட்டுகளாக ஆக்குகின்றன. ஒன்றோடொன்று இடித்துக் கொள்வதால் அவற்றின் விளிம்புகள் மேலே தூக்கியிருக்கும். நம் வீட்டுப் பெண்மணிகள் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஆப்பங்களைக் கடலில் மிதக்கவிட்டாற்போல் இருக்கிறது என்பார்கள். அந்த ஆப்பங்கள் ஒட்டிச் சேர்ந்து ஒரே பாளமாகிக் கீழ்நோக்கித் தடிக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீர் உறையும்போது உப்பைத் தன்னோடு சேர்த்துக் கொள்வதில்லை. பெரும்பகுதியை வெளியே தள்ளி விடுகிறது. மரக்காணத்து உப்பளத்தையும், 1930-ல் ராஜாஜி சத்தியாக்கிரகம் செய்த வேதாரண்யத்து உப்பளத்தையும் நாம் அறிவோம். அங்கே வெயில் நீரைக் கொண்டு போகிறது, உப்பு மிஞ்சுகிறது. தென் துருவத்தில் குளிர் நீரைப் பனியாக்கி எடுத்துக் கொள்கிறது, உப்பு மிஞ்சுகிறது. இரண்டிலும் பலன் ஒன்றே. ஆனால் உப்பளத்து உப்பைக் கூடையில் அள்ளுகிறோம். அங்கே மிஞ்சிய உப்பு சுற்றியுள்ள நீரிலேயே கரைந்து, அந்த நீரை மிகவும் உப்பாகவும் கனமாகவும் செய்துவிடுகிறது. கனத்த நீர் என்ன செய்யும்? கீழே இறங்கும். கண்டத்தின் ஓரச் சரிவில் வழிந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சமுத்திரத்தின் அடித்தளம்வரை போய்விடும். போகும்போது மேற்பரப்பில் கலந்திருந்த பிராணவாயுவையும் உடன் கொண்டு போகிறது. அந்த நீர் வடக்கு நோக்கி ஊர்ந்து இந்து மகா சமுத்திரம், பசிபிக், அட்லாண்டிக் ஆகிய மூன்றின் அடியிலும் பரவுகிறது. வெளிச்சமே படாத ஆழத்தில் வாழும் ஜீவராசிகள் மூச்சு விடுவது, தென் துருவக் கடல் உறைந்ததன் பயனாகத்தான். இந்த அடிநீர் பரவும்போது மேலே இருந்த நீர் ஓரிடத்தில் இறங்கி வேறோர் இடத்தில் ஏறுகிறது. உலக சமுத்திரங்களின் மகா சுழற்சிக்கு இது ஓர் அச்சாணி.

இவ்வாறு கனத்த நீர் உண்டாகும் பட்டறைகள் நான்கு உண்டென்று தெரிந்திருக்கிறது. வெட்டெல் கடல், ராஸ் கடல், அதேலிக் கரை ஆகிய மூன்றும் முன்பே தெரிந்தவை. நான்காவது, டார்ன்லி முனையில் இருப்பதாக ஜப்பானிய விஞ்ஞானிகள் 2013-ல் உறுதிப்படுத்தினார்கள். நம் பாரதி நிலையத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது அந்த முனை. நிலத்திலிருந்து வீசும் கடும் காற்று, புதிதாக உறைந்த பனியை உடனுக்குடன் கடலுக்குள் தள்ளி விடுவதால் அங்கே கடல் மூடப்படாமலே இருந்து, ஓயாமல் உறைந்து கொண்டே இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை: குளிர்காலத்தில் கப்பல் போக முடியாத அந்த இடத்தின் ஆழத்து உப்பையும் உஷ்ணத்தையும் அளந்து சொன்னவை, தலையில் சிறு கருவி ஒட்டப்பட்ட கடல் யானைகள்! மூழ்கி இரை தேடப் போன அப்பிராணிகள் அறியாமலே விஞ்ஞானத்துக்கு ஊழியம் செய்திருக்கின்றன.

* * *

கடற்பனி செய்யும் இரண்டாவது உபகாரம் அதன் வெண்மையினால் வருவது. புதுப்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. திறந்த கடலோ நூற்றில் சுமார் ஆறு பங்கை மட்டும் திருப்பிவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கிச் சூடேறுகிறது. வெயிற்காலத்தில் வெள்ளைக் கதர்ச் சட்டைக்கும் கறுப்புக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். பனி குறைந்தால் கடல் சூடேறும். கடல் சூடேறினால் பனி மேலும் குறையும்.

மூன்றாவது, உணவு. பனியின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வளர்கின்றன. குளிர்காலத்தில் வேறு ஆகாரமில்லாத சமயத்தில், கிரில் என்னும் சிற்றிறால் வகையின் குஞ்சுகள் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்று பிழைத்துக் கொள்கின்றன. கிரிலை நம்பிப் பென்குவின் பறவைகள், கடல் நாய்கள், உலகத்திலேயே மிகப் பெரிய பிராணியாகிய நீலத் திமிங்கிலம் வரை அங்கே உயிர் வாழ்கின்றன.

சக்கரவர்த்திப் பென்குவின் என்று ஒரு ஜாதி உண்டு. கரையோடு ஒட்டி உறைந்து நிற்கும் பனித் தளமே அதன் பிரசவ அறை. கடும் குளிர்காலத்தில் தாய் ஒரே முட்டையை இட்டுவிட்டு இரைதேடக் கடலுக்குப் போய்விடும். தகப்பன் முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டினியாக நிற்கும். மார்கழி வாக்கில் குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கும்வரை பனித் தளம் உடையாமல் இருக்க வேண்டும். 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரத்தில் அது முன்கூட்டியே உடைந்துவிட்டது. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் அநேகமாக ஒன்றும் தப்பவில்லை என்பதைச் செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு கண்டறிந்து 2023-ல் வெளியிட்டார்கள்.

கடற்பனி உருகினால் கடல் மட்டம் உயர்ந்து கடலூரும் புதுச்சேரியும் மூழ்கிவிடுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அப்படியில்லை. ஒரு டம்ளர் நீரில் ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு விளிம்புவரை நிரப்பி வையுங்கள். கட்டி முழுவதும் கரைந்தாலும் நீர் வழியாது. மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்குரிய இடத்தைக் கடலில் பிடித்துக் கொண்டிருக்கிறது. ஆனால் அபாயம் வேறு வழியில் வருகிறது. கடற்பனி, அலைகள் வந்து பனி மேடைகளை மோதாதபடி மதில்போல் தடுத்து நிற்கிறது. மதில் போனால் மேடைகள் ஆட்டங் காணும். 2002-ல் லார்சன் பி என்னும் பனி மேடையில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு ஏறக்குறைய ஒரே மாதத்தில் நொறுங்கியது. அதற்கு முன் அந்தக் கரையைக் காத்துவந்த கடற்பனி மறைந்திருந்ததும் ஒரு காரணம் என்று பிற்கால ஆராய்ச்சி கூறுகிறது. மேடைகள் உடைந்தால் அவை தடுத்து நிறுத்தியிருந்த நிலத்துப் பனி வேகமாகக் கடலில் இறங்கும். டம்ளருக்கு வெளியே இருந்த கட்டியை உள்ளே போடுவதற்கு அது சமானம். அப்பொழுது நீர் வழியத்தான் செய்யும்.

* * *

இவ்வளவும் சரி, எங்கோ ஒரு மூலையில் கடல் உறைந்தால் கல்வராயன் மலையில் சாமை விதைப்பவனுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கோமுகியில் நீர் வருவது இரண்டு பருவக் காற்றுகளின் தயவினால். அவற்றுள் தென்மேற்குப் பருவக்காற்று எங்கிருந்து புறப்படுகிறது? அரபிக் கடலிலிருந்து என்று பாடப் புஸ்தகத்தில் படிக்கிறோம். அது வழியில் உள்ள ஸ்டேஷன்தான். புறப்பட்ட இடம் அதுவன்று. நம் தமிழ் மக்கள் சென்று குடியேறிய மொரீஷியஸ் தீவுக்குத் தெற்கே, இந்து மகா சமுத்திரத்தின் தென் பகுதியில், காற்றழுத்தம் மிகுந்த ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கிருந்து பெருகும் காற்று வடமேற்காக ஓடி, ஆப்பிரிக்கக் கரையோரமாகப் பூமத்திய ரேகையைத் தாண்டி, அங்கே திசை திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்று என்ற பெயருடன் நம்மிடம் வருகிறது. அந்த அழுத்தப் பிரதேசத்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையில் பெரிய நிலப்பரப்பு ஏதும் கிடையாது. மேற்கிலிருந்து கிழக்கே ஓயாது வீசும் சூறைக் காற்றுகள் உள்ளன. அவற்றின் வேகத்தையும் பாதையையும் நிர்ணயிப்பது வடக்கேயுள்ள வெப்பக் கடலுக்கும் தெற்கேயுள்ள பனிக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம்.

ஆகவே கடற்பனி கூடியும் குறைந்தும் போவது நம் மழையைத் தொடுகிறதா என்பதை இந்திய ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களாகப் பரிசீலித்து வருகிறார்கள். தொடர்பு இருப்பதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் இந்த மாசியில் பனி இவ்வளவு குறைந்தது, ஆகையால் வரும் ஆடியில் மழை இவ்வளவு குறையும் என்று பஞ்சாங்கம் எழுதும் நிலைக்கு விஞ்ஞானம் வரவில்லை. அப்படிச் சொல்வோர் சொல்லை நம்ப வேண்டாம்.

தூர தேசத்துச் சமுத்திரத்தில் நம் மழையின் வேரைத் தேடுவது புதிய வழக்கமன்று. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்த ஸர் கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த காற்றழுத்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தார். பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து மகா சமுத்திரத்துக்கும் இடையே அழுத்தம் தராசுத் தட்டுப்போல் ஏறி இறங்குவதை அவர் கண்டுபிடித்தது அப்படித்தான். இதே வாக்கர்தான் 1913-ல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் காரியாலயத்துக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணிதத் தாள்களைப் பார்த்துவிட்டு, சர்வகலாசாலை அவருக்கு உதவ வேண்டும் என்று எழுதினவர்.

மழையை விட்டாலும், கரிவாயு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. மனிதன் புகையாக வெளியிடும் கரிவாயுவில் சுமார் நாலில் ஒரு பங்கை உலகத்துச் சமுத்திரங்கள் உறிஞ்சிக் கொள்கின்றன. அப்படி உறிஞ்சுவதில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தென் சமுத்திரத்தின் கைங்கரியம். அந்தச் சமுத்திரத்தின் மேல்மூடி எவ்வாறு திறந்து மூடுகிறது என்பது வெள்ளிமலையில் வெயில் எப்படிக் காயும் என்பதோடு சம்பந்தப்பட்டதே.

* * *

இந்தக் கடற்பனி பல காலம் மனிதனை அண்டவிடாமல் காவல் காத்தது. ஆங்கிலேய மாலுமி காப்டன் குக், 1773 ஜனவரி 17ந் தேதி தென் துருவ வட்டத்தைக் கடந்தார். அடுத்த வருஷம் இன்னும் தெற்கே போனார். ஒவ்வொரு முறையும் பனி அவரைத் திருப்பியடித்தது. கண்டத்தை அவர் கண்ணால் காணவே இல்லை. 1915 ஜனவரியில் ஷாக்கிள்டனின் 'என்டியூரன்ஸ்' கப்பல் வெட்டெல் கடலில் சிக்கிக் கொண்டது. பத்து மாதம் பனி அதை இறுக்கிப் பிழிந்தது. நவம்பர் 21ந் தேதி கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 28 பேரும் உயிர் தப்பியது பெரிய அதிசயம். 3,008 மீட்டர் ஆழத்தில் கிடந்த அக்கப்பலை 2022 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். பெயர் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

நம்மவர் கதைக்கு வருவோம். சுதந்திரம் பெற்றுப் பத்து வருஷம்கூட ஆகாத 1956-லேயே, அண்டார்க்டிகா எந்த ஒரு வல்லரசின் சொத்தாகவும் ஆகாமல் உலகத்தின் சமாதான காரியங்களுக்கே பயன்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் பிரச்னையைக் கிளப்பிய தேசம் இந்தியா. அப்போது அதற்குச் செவி சாய்ப்பார் அதிகமில்லை. 1959-ல் பன்னிரண்டு நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. நாம் அதில் இல்லை. ஆயினும் நம்மவர் தனித்தனியாகப் போய் வந்தார்கள். 1960-ல் கடற்படை அதிகாரி ராம் சரண் ஆஸ்திரேலியர்களுடன் சென்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் பரம்ஜித் சிங் சேரா ருஷியர்களுடன் சென்று அங்கே குளிர்காலத்தைக் கழித்தார்.

பிறகு 1981 டிசம்பர் 6ந் தேதி, டாக்டர் ஸையத் ஜஹூர் காஸிமின் தலைமையில் 21 பேர், 'போலார் ஸர்க்கிள்' என்ற வாடகைக் கப்பலில், ஊரறியாமல் கோவாவை விட்டுப் புறப்பட்டார்கள். 1982 ஜனவரி 9ந் தேதி அண்டார்க்டிகாவில் கால் வைத்தார்கள். 77 நாளில் போய்த் திரும்பிய அந்த யாத்திரையின் தேதிகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மார்கழியில் போய் மாசிக்குள் வந்தாக வேண்டும்! அதற்கு முன்னும் வழி இல்லை. பின்னும் வழி இல்லை. கடற்பனி திறந்துவிடும் கதவு அவ்வளவு காலம்தான் திறந்திருக்கும். இன்றைக்கும் நம் கப்பல்கள் அந்தக் கணக்கின்படியேதான் போய் வருகின்றன.

1983-ல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதே வருஷம் செப்டம்பரில் வாக்குரிமையுள்ள அங்கத்தினர் ஆயிற்று. அந்தக் கோடைக்குச் சென்ற கோஷ்டியில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்னும் இரண்டு பெண்மணிகளும் இருந்தார்கள். அவர்கள் போன பயணத்திலேதான் தட்சிண கங்கோத்ரி எழுந்தது. 1984-ல் அங்கே ஒரு தபால் ஆபீஸும் திறக்கப்பட்டது. பாவம், பனி மேடைமேல் கட்டிய கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பெய்த பனியில் புதைந்து, 1990-ல் கைவிடப்பட்டது. அதற்குள் 1989-ல் ஷிர்மாகர் என்னும் பனியற்ற பாறைத் திட்டில் மைத்ரி அமைந்துவிட்டது. அங்கிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் கிழக்கே, லார்ஸ்மன் குன்றுகளில், 134 சரக்குப் பெட்டிகளைக் கோத்துக் கட்டிய பாரதி நிலையம் 2012 மார்ச் 18ந் தேதி திறக்கப்பட்டது.

பாறை என்றதும் ஒரு விஷயம். கல்வராயன் மலை சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. பல்லாவரத்துக் கல் அதே ஜாதி. கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து இந்தக் கல்லைத்தான் கொண்டு போனார்கள். அதனால் பூகர்ப்ப சாஸ்திரி ஹாலண்டு இதற்கு அவர் பெயரைச் சூட்டினார். இதே பாறை கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இருக்கிறது. சுமார் 13 கோடி வருஷங்களுக்கு முன்வரை நம் கீழ்க்கரையும் அந்தக் கரையும் ஒட்டிக் கொண்டிருந்தன என்பதை நினைத்தால், நம்மவர் அங்கே போனதைப் பரதேசப் பிரயாணம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

* * *

இனிக் கவலைக்குரிய கட்டத்துக்கு வருகிறோம். 1978-ன் கடைசியிலிருந்து, மேகமும் இருளும் தடுக்காத நுண்ணலைக் கருவிகளைக் கொண்டு செயற்கைக் கோள்கள் கடற்பனியை அளந்து வருகின்றன. அத்தகைய கருவி ஒன்றை, 1999 மே 26ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் ஓஷன்ஸாட்டும் சுமந்து சென்றது. நம்மவர் அதன் கணக்கைக் கொண்டும் அண்டார்க்டிகாவின் கடற்பனியை ஆராய்ந்தார்கள்.

வட துருவத்தில் பனி வருஷத்துக்கு வருஷம் குறைந்து வந்த காலத்தில், தெற்கில் அது சிறிது சிறிதாகக் கூடியே வந்தது. உலகம் சூடேறும்போது இது எப்படி என்று எல்லாரும் விழித்தார்கள். 2014 செப்டம்பரில் அது 2 கோடி சதுர கிலோமீட்டரையும் தாண்டியது. அளக்கத் தொடங்கியபின் அதுவே முதல் தடவை. சூடேறுவதெல்லாம் பொய் என்று வாதிப்பவர்களுக்கு அந்த எண் கரும்பாய் இனித்தது. இரண்டே வருஷம்! 2016-ன் பிற்பகுதியில் பனி திடீரென்று சரிந்தது. 2022 பிப்ரவரியில் முதன்முறையாக 20 லட்சத்துக்குக் கீழே போயிற்று. 2023 பிப்ரவரியில் 17 லட்சத்து 90 ஆயிரமாக இறங்கியது. அந்த வருஷக் குளிர்காலத்தில் கடல் உறைய மறுத்தது என்றே சொல்ல வேண்டும். செப்டம்பர் 10ந் தேதி உச்சத்தை அடைந்தபோது பரப்பு 1 கோடியே 69 லட்சத்து 60 ஆயிரந்தான். 1981 முதல் 2010 வரையிலான சராசரி உச்சத்துக்கு அது சுமார் 17½ லட்சம் குறைவு. நம் தேசத்தில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு காணாமற் போயிற்று.

காரணத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. காற்றின் போக்கு மாறியதைச் சிலர் முக்கியமாகச் சொல்கிறார்கள். கடலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பல வருஷங்களாகச் சேர்ந்திருந்த உஷ்ணம் மேலே வந்துவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உறைந்து கிடந்த இடத்தில் இப்போது திறந்த கடல் கிடந்து வெயிலைக் குடிக்கிறது. குடித்த வெயிலை அடுத்த குளிர்காலம்வரை வைத்திருக்கிறது. பழைய நிலைக்குப் பனி தானாகத் திரும்பிவிடும் என்று 2017-ல் நம்பியவர்களில் பலர் இப்போது அப்படிப் பேசுவதில்லை.

மைத்ரியிலும் பாரதியிலும் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய இருபது இருபத்தைந்து பேர், கடைசிக் கப்பல் போனபின் அடுத்த கோடைவரை தங்குகிறார்கள். சூரியனே உதிக்காத வாரங்களும் அவர்களுக்கு உண்டு. கடல் எப்போது உறைகிறது, எப்போது பிளக்கிறது என்பது அவர்களுக்குப் பத்திரிகைச் செய்தியன்று. அரிசியும் எண்ணெயும் கடிதமும் எப்போது வரும் என்ற கேள்வி. வெளியே வானத்தில் சுற்றும் கோள்களோ உணர்ச்சியின்றிக் கணக்கை எழுதிக் கொண்டே போகின்றன. 2024 செப்டம்பரின் உச்சம் 1 கோடியே 71 லட்சத்து 60 ஆயிரம். 2025 செப்டம்பரின் உச்சம் 1 கோடியே 78 லட்சத்து 10 ஆயிரம். 1979 முதல் 2025 வரை 47 வருஷங்களின் உச்சக் கணக்குகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் மிகக் குறைந்த மூன்றும் கடைசி மூன்று வருஷங்களுடையவை.